டீச்சர் வீட்டு முகவரி

மனு முழுவதையும் எழுதி முடித்துவிட்டு, முகவரி எழுதவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டு, பேனாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்த டீச்சர் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவில் இருக்கிறார். கரும்பலகையில் எழுதிப் பழகிய கை. எழுத்து உருண்டையாக, வரி கோணாமல் இருந்தது. பக்கத்து நாற்காலியில் அவருடைய ஏழு வயது மகள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "இந்த அட்ரஸ் அவருக்குப் போகாதுல்ல சார்?" என்று டீச்சர் கேட்டார். நான் கணினித் திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே, "ஸ்டேஷனை விட்டு வெளிய போகாதும்மா, தைரியமா எழுதுங்க" என்றேன். அப்போதும் அவர் உடனே எழுதிவிடவில்லை. ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவையும் வீட்டு எண்ணையும் எழுதினார்.

தாம்பரத்தை ஒட்டிய ஒரு காவல் நிலையத்தில் அப்போது நான் காவலராக இருந்தேன். வருகிற மனுக்களை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றுவதும், சொல்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்வதும் என் வேலை. டீச்சரின் கணவன் குடித்துவிட்டு அடிப்பவன். அவனிடமிருந்து விலகி, மகளோடு வேறு வீட்டுக்கு வந்து, வேலை பார்த்த பள்ளியையும் மாற்றிக்கொண்டிருந்தார். புதுப்புது எண்களிலிருந்து கூப்பிட்டு, "எங்க இருந்தாலும் கண்டுபுடிச்சுடுவேன்" என்று அவன் மிரட்டியதால்தான் எங்களிடம் வந்தார். அந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்தது கீழ்க்கட்டளையில் இருந்த தங்கை. அவரைத் தவிர உறவில் யாருக்கும் முகவரி தெரியாது என்பதை டீச்சர் இரண்டு முறை சொன்னார்.

இன்ஸ்பெக்டர் அம்மா கணவனைக் கூப்பிட்டு விசாரித்தார். இனித் தொந்தரவு செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவன் போனான். கூடவே அவனுடைய அப்பாவும் வந்திருந்தார். திருநீர்மலைப் பக்கத்துக்காரர். ஒரு காலத்தில் ஏர் பிடித்தவர், இப்போது சொந்த இடத்தில் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். மறுவாரம் அவர் மட்டும் தனியாக வந்தார். கையில் துணிக்கடைப் பை. உள்ளே பேத்திக்கு வாங்கிய பாவாடை சட்டை.

"பாப்பாவுக்குப் பொறந்த நாள் வருது சார். ஆறு மாசம் ஆவுது மூஞ்சியப் பாத்து. வூடு எங்க கீதுன்னு மட்டும் சொல்லு. வாசல்லயே குடுத்துட்டு வந்துடுறேன், உள்ளகூடப் போவமாட்டேன்" என்றார். முடியாது என்று அனுப்பிவைத்தேன். இரண்டு நாள் கழித்து அதே பையோடு வந்தார். அப்போதும் அனுப்பினேன். மூன்றாவது முறை வந்தவர் எதுவும் கேட்கவில்லை. என் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கண் கலங்கியபோது எனக்கு என் மகளின் நினைப்பு வந்தது. பதிவுக் கட்டிலிருந்து டீச்சரின் மனுவை எடுத்து, முதல் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து, அவருடைய எண்ணுக்கு அனுப்பினேன். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "நீ நல்லா இருப்பே சார்" என்று அவர் கும்பிட்டபோது, நல்ல காரியம் செய்த நிறைவோடு டீ குடிக்கப் போனேன்.

ஏமாந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. அந்தப் பெரியவர் என்னை ஏமாற்றவில்லை, அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. டீச்சருக்கு ஒரு போன் செய்து, "தாத்தா பாக்கணும்னு சொல்றார், அட்ரஸ் குடுக்கலாமா?" என்று நான் கேட்டிருக்கலாம். பையை வாங்கி நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியக்கூடாது என்று மனிதர்கள் பொத்தி வைத்திருப்பதையெல்லாம் எங்களிடம் வந்து எழுதிக் கொடுக்கிறார்கள். எழுதுவதற்கு முன்னால் அவர்களுடைய பேனா தயங்கி நிற்பதைப் பல வருடம் பார்த்தவன் நான். ஆனாலும் என் மேசைக்கு வந்த பிறகு அது எனக்கு இன்னொரு தாளாகத்தான் இருந்தது. என் இரக்கத்துக்கான விலையை நான் டீச்சரின் பாதுகாப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், கணவன் அந்த வீட்டு வாசலில் நின்றான். அப்பாவின் கைபேசியை எடுத்துப் பார்த்திருக்கிறான். டீச்சர் கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கதவை உதைத்துத் திறந்து வந்தவன் அவரைச் சுவரோடு தள்ளிக் கையை முறுக்கியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. குழந்தை குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மாடியில் குடியிருந்தவர்கள் இறங்கி வந்து அவனைப் பிடித்து வைத்தார்கள். அவனைக் கைது செய்து கூட்டிவந்த பிறகும், அம்மாவின் குரலைக் கேட்டும்கூட, வெகுநேரம் அவள் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை என்று போய்வந்த பெண் காவலர் சொன்னார்.

மறுநாள் மாவுக்கட்டுப் போட்ட கையோடு டீச்சர் வாக்குமூலம் கொடுக்க வந்தார். தட்டச்சு செய்தது நான்தான். "வீடு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார்.

"என் தங்கச்சிக்கு மட்டும்தான் மேடம் தெரியும். அவதான் சொல்லியிருக்கணும். சமாதானம் பண்ணி வைக்கிறேன்னு முன்னாடியே ஒருதரம் சொன்னா."

விசைப்பலகையில் என் விரல்கள் நின்றன. இன்ஸ்பெக்டர் அம்மா என்னைப் பார்த்து, "போடுங்க" என்றார். போட்டேன். தங்கை மூலம் தெரிந்திருக்கலாம் என்று, எழுத்துப்பிழை இல்லாமல், நானே தட்டினேன். அன்று மாலையே கைபேசியிலிருந்து அந்தப் படத்தை அழித்தேன். இரண்டு நாள் கழித்துப் பெரியவர் வந்து வாசலோரம் நின்றுகொண்டு, "பாவி, என் போனை நோண்டிப் பாத்துட்டான் சார். உன் பேரு என் வாயிலேந்து வராது" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போதும் கூசுகிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் காலை டீச்சரின் தங்கை நிலையத்துக்கு வந்தார். ஆறு மாதக் கர்ப்பிணி. வெயிலில் நடந்து வந்த களைப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். "அக்கா என் நம்பரை பிளாக் பண்ணிட்டா சார். ஸ்கூலுக்குப் போனேன், பார்க்கமாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டா. சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களாவது அவகிட்ட சொல்லுங்க சார். போலீஸ் சொன்னா நம்புவா." நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "பார்க்கலாம்மா, சொல்றேன்" என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் சொல்லவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், வழக்கு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

டீச்சர் அடுத்து ஒரு கையெழுத்துப் போட வந்தபோது கட்டுப் பிரித்திருந்தது. அந்தக் கை மற்றதைவிட இளைத்திருந்தது. பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியாமல் பெயரைக் கோணலாக எழுதினார். அந்த எழுத்தைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. "ஒரு நிமிஷம் வாங்க டீச்சர்" என்று வெளியே, பறிமுதல் செய்த வண்டிகள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவரின் கண்ணீரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அனுப்பினது நீங்களா?" என்றார். "நான்தான்" என்றேன். அவர் கைபேசியை எடுத்து, வெகுநேரம் எதையோ தேடி, ஒரு எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வராது."

காதில் வைத்தேன். மணி ஒருமுறைகூட முழுதாக அடிக்கவில்லை. "அக்கா? அக்கா, சொல்லுக்கா" என்றது அந்தப் பக்கத்துக் குரல். இத்தனை மாதமும் அந்த அழைப்புக்காகவே காத்திருந்த குரல். அதற்கு நான் பதில் சொன்னேன். யார் என்பதைச் சொன்னேன், செய்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், "உங்ககிட்டதான சார் நான் வந்து கேட்டேன்" என்றார். பிறகு, "போன வாரம் எனக்கு வளைகாப்பு. அக்கா வரல" என்றார். இணைப்பைத் துண்டிக்கவில்லை. நான்தான் போனை டீச்சரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். அதன்பிறகு அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

டீச்சர் என் மேல் எழுத்துமூலம் புகார் கொடுத்தார். விசாரணையில் நான் எதையும் மறுக்கவில்லை. தண்டனையாக ஆயுதப்படைக்கு மாற்றினார்கள், சில வருடம் வெயிலில் பந்தோபஸ்து நின்றேன். பிறகு வேறொரு நிலையத்துக்கு வந்தேன். கணவனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன். டீச்சர் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டார் என்பதும் தெரியும். எங்கே போனார் என்று யாரிடமும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு மாலை, தாம்பரம் ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் அவருடைய தோளுக்கு வளர்ந்துவிட்ட மகள். சென்னைக் கடற்கரைக்குப் போகும் மின்சார வண்டி வந்து நின்றது. பெண்கள் பெட்டியின் படியில் கால் வைக்கப் போனவர், பத்தடி தள்ளிச் சாதாரண உடையில் நின்றிருந்த என்னைப் பார்த்துவிட்டார். காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏம்மா, ஏறலையா?" என்று அந்தப் பெண் கேட்டது எனக்கும் கேட்டது. வண்டி போய்விட்டது. என்னோடு ஒரே வண்டியில் வர அவருக்குப் பிடிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வண்டியில் நானும் ஏறாமல் நின்றுவிட்டேன். அடுத்த வண்டி வந்தது. அதிலும் அவர் ஏறவில்லை. அப்போதுதான் புரிந்தது. அவர் எந்த நிலையத்தில் இறங்குகிறார் என்பது எனக்குத் தெரியக்கூடாது.

கும்பிடத் தூக்கிய கையைக் கீழே போட்டுக்கொண்டு, நான் திரும்பி நடைமேம்பாலத்தின் படியேறினேன். பாதிப் படியில் இருந்தபோது கீழே இன்னொரு வண்டி வந்து நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் தெருவுக்கு வந்துவிட்டேன்.