துண்டு போட்டு விழவைத்த அருவி

தாராவியில் பத்துக்குப் பத்து அறையின் மேல் இரண்டு மாடி எழுப்பினேன். எதிரே ஆள் வந்தால் ஒதுங்க முடியாத சந்துக்குள் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தேன். தோல் பை தைக்கும் என் பட்டறை இரண்டு தடவை எரிந்தும் இன்றுவரை ஓடுகிறது. திலக் நகரில் மகனுக்கு ஃப்ளாட். என் படிப்பு மூன்றாம் வகுப்பு. இந்த வரிசையில் கட்ச் பாலைவனத்து அருவியையும் சேர்க்கிறேன். எங்கள் ஊர்ச் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை.

மழை முடிந்து குளிர் தொடங்கும் சமயம், சங்கத்தில் பஸ் பிடித்துக் கட்சுக்குப் போனோம். திரும்பும் வழியில் ஒரு ஜர்னா இருக்கிறது என்றார் டிரைவர். அருவி என்றால் போதாதா திருநெல்வேலிக்காரர்களுக்கு? எவ்வளவு பெரிது என்று ஒருவரும் கேட்கவில்லை. இட்லிப்பொடிக்காகக் கொண்டுபோன நல்லெண்ணெய் பஸ்ஸுக்குள்ளேயே கைமாறியது. இறங்கும்போது எல்லோர் தலையிலும் எண்ணெய்.

முள்செடிகளுக்கு நடுவே இரண்டு ஆள் உயரப் பாறை. அதன் மேலெல்லாம் தண்ணீர் கசிந்தது, விழவில்லை. காற்றில் வந்த மணல் எண்ணெய்த் தலைகளில் அப்பிக்கொண்டது.

“அண்ணாச்சி, ஆளுக்கொரு ஸ்பூன் கொண்டாந்திருக்கணும்லா,” என்றார் செயலாளர். எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவியைத் தவிர.

“இந்தத் தலையோட நான் பஸ்ல ஏற மாட்டேன், பாத்துக்கிடுங்க,” என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

பக்கவாட்டில் ஏறிப் பார்த்தேன். மேலே ஓடை தட்டையாகப் பரந்து வந்தது. தோள் துண்டை முறுக்கிக் குறுக்கே சாய்த்துப் போட்டேன். கற்களை முட்டுக் கொடுத்தேன். விளிம்பில் இடைவெளி விழுந்த இடத்தில் வலது காலை வைத்து அடைத்து உட்கார்ந்தேன். தண்ணீர் ஒரு மூலையில் கூடி, கை கனத்தில் கீழே விழுந்தது. பெண்கள் முதலில், பிறகு ஆண்கள், வரிசையில் நின்று குளித்தார்கள். என் மனைவி இரண்டு முறை குளித்தாள். எழுந்தால் தண்ணீர் கலைந்துவிடும் என்பதால் நான் குளிக்கவில்லை.

கடைசியில் விழுகிற தண்ணீருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அது இப்போது சங்க அறையில் தொங்குகிறது. கீழே அத்தனை பேர் பெயரும் இருக்கிறது. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, நீங்கள் போகவில்லையா என்று என்னைக் கேட்கிறார்கள்.

செயலாளரிடம் போனேன். “படத்துல இல்லாத ஆளுக்கு எப்படி அண்ணாச்சி பேர் போட?” என்றார்.

படத்தின் மேல் விளிம்பில், தண்ணீர் விழத் தொடங்கும் இடத்தை ஒட்டி, ஒரு பாதம் தெரிகிறது. அது என்னுடையது. சங்கத்தாருக்குச் சொல்கிறேன், என் பெயரையும் போடுங்கள். தண்ணீரை விழவைத்தவர் என்று பக்கத்தில் எழுதுங்கள்.