முன்னால் யாருமே இல்லாத ரவுண்டு

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஸ்டெல்லா மிஸ் பின்னால் ஓடினார்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இருக்கிறது!

டாக்டர் சர்க்கரையைக் காட்டி மிரட்டிய நாளிலிருந்து, எங்கள் தெருவை ஒட்டிய மகளிர் கல்லூரி மைதானத்தில்தான் என் வாக்கிங். அக்கம்பக்கத்தாருக்காகக் காலையில் கேட்டைத் திறந்து வைப்பார்கள். விடிந்தும் விடியாத நேரம். பாலக்காட்டுப் பக்கமிருந்து ஈரக் காற்று. புல்லுக்கு மேலே முழ உயரத்துக்குப் பனி. பெண்கள் ஓடி வரும்போது கால் தெரியாது. மிதந்து வருகிற மாதிரி இருக்கும்... எல்லோருக்கும் முன்னால் கோச் ஸ்டெல்லா மிஸ். வயது நாற்பத்தெட்டு. ரெண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் பின்னால் ஓடி நான் பார்த்ததில்லை.

மிஸ்ஸுக்குப் பெருந்துறைப் பக்கம். மில் தொழிலாளியின் மகள். ஓடியது எண்ணூறு மீட்டர் - மைதானத்தை ரெண்டு சுற்று.

"நூறு மீட்டர்னா கண்ண மூடிட்டு ஓடிப்போடலாமுங்க. பத்தாயிரம்னா யோசிச்சுட்டே ஓடலாம். எங்களுக்குத்தான் ரெண்டுக்கும் நேரமில்ல" என்பார்.

காலேஜ் டீம், யுனிவர்சிட்டி டீம், மாநில மெடல்கள். ஒரே ஒரு தடவை தேசிய ஃபைனல். அதில் நாலாவது. அன்றைக்குக் கூட ஓடியவர்கள் ஞாபகத்தில் இருக்கிறார்களா என்று ஒருநாள் கேட்டேன்.

"முகமெல்லாம் மறந்துபோச்சுங்க. முதுகுதான் ஞாபகமிருக்கு. மூணாவதா வந்தவ பச்சை பனியன் போட்டிருந்தா. இடது தோள்ல தையல் பிரிஞ்சிருந்துச்சு. இப்பவும் கனவுல வருமுங்க. எட்டித் தொடப் போறப்ப முழிச்சுக்குவேன்."

ஒருத்தி முதுகில் ஒட்டிக்கொண்டே போய், கடைசி வளைவில் வெளியே வந்து பறப்பது - அதுதான் அவர் கற்ற வித்தை. பிள்ளைகளுக்கும் அதையே கற்றுக்கொடுத்தார். எப்படி? தினமும் தன் முதுகையே அவர்களுக்கு முன்னால் வைத்து!

அந்த முதுகை அப்படியே பிடித்துக்கொண்டவள் சுகன்யா. காங்கேயம் பக்கத்துப் பெண். பி.காம் ரெண்டாம் வருஷம். வீட்டில் கொப்பரை காயப்போடும் தேங்காய்க் களம். மிஸ் கையை வீசினால் இவளும் வீசுவாள். ஓடுவதற்கு முன் மிஸ் சிலுவை போட்டால் இவளும் போடுவாள். "உங்க குலதெய்வம் கருப்பராயன் கோவிச்சுக்க மாட்டாராடி?" என்று தோழிகள் கேட்டால், "அவரும் மிஸ்ஸுக்குப் பயப்படுவாருடி" என்பாள்.

அந்தச் செவ்வாய்க்கு ரெண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, கல்லூரிகளுக்கிடையே ஒரு போட்டி. கடைசி ரவுண்டுக்கு மணி அடித்தார்கள். அதுவரை முன்னால் ஓடிய பெண் களைத்து ஒதுங்க, சுகன்யாதான் முதல் ஆள். பத்தடி போனாள்... வேகம் குறைந்துவிட்டது. மூன்று பேர் தாண்டிப் போனார்கள்.

திங்கட்கிழமை மைதானத்தில் விசாரணை. நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"மூச்சு வாங்குச்சா?"

"இல்லீங்க மிஸ்."

"கால் பிடிச்சுதா?"

"இல்லீங்க மிஸ். முன்னால யாருமே இல்லீங்க... எங்க போறதுன்னே தெரியலீங்க."

மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "வழி தெரியாமப் போறதுக்கு அதென்ன பொள்ளாச்சி சந்தையா அம்மணி? ரவுண்டு கிரவுண்டு! கோடு கிழிச்சு வெச்சிருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. ரெண்டு வருஷமாக அந்தப் பெண் ஒருநாளாவது யாருமில்லாத பாதையைப் பார்த்திருக்கிறாளா?

முன்னேர் போன வழியே பின்னேர் என்று நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! முன்னேர் பிடிப்பவன் எதைப் பார்த்துப் போவான் என்று யாராவது சொல்லி வைத்தார்களா?

மூன்றே வாரத்தில் யுனிவர்சிட்டி டீமுக்குத் தேர்வு. முதல் ரெண்டு பேருக்குத்தான் இடம். "இடம் கிடைச்சா ஓடு கண்ணு. இல்லைன்னா ஷூவைக் கழட்டிப்போட்டுப் படிப்பைப் பாரு" என்று சுகன்யாவின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா மிஸ் பின்னால் போனார்.

முதல் நாள் சுகன்யா ஒரு ரவுண்டுக்குள் நாலு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"திரும்பாத அம்மணி! நான் எங்கயும் ஓடிப்போயிற மாட்டேன்!"

"பின்னால நாய் தொரத்துதுன்னு நெனச்சுக்கடி!" என்று ஒரு தோழி கத்தினாள்.

"யாரடி நாயிங்கற?" - இது பின்னாலிருந்து மிஸ்.

முதல் வாரம் ரெண்டு பேருக்கும் நடுவே ரெண்டடி. அடுத்த வாரம் பத்தடி. அப்புறம் ஒரு காலை... அன்றைக்கு ஆளுயரத்துக்கு இறங்கியிருந்த பனிக்குள் சுகன்யா மட்டும் வளைவில் திரும்பி மறைந்துகொண்டிருந்தாள். மிஸ் இடுப்பில் கை வைத்தபடி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க... நான் இவ்வளவு மெதுவாவா ஓடிட்டு இருந்தேன்? எம்முதுகுல இடிச்சிரக் கூடாதுன்னு இவ இத்தனை நாளா அடக்கிட்டு வந்திருக்காளுங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு குனிந்து, நன்றாகவே கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். மறுபடி அவிழ்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து சுகன்யா தனியாகவே ஓடினாள்.

போன சனிக்கிழமை தேர்வு. நானும் போயிருந்தேன். கேலரி பெஞ்சில் மிஸ்ஸுக்குப் பக்கத்து இடம். அவர் கையில் ஸ்டாப் வாட்ச்.

மணி அடித்தது. யாராவது ஒதுங்கி வழிவிடும் வரை சுகன்யா காத்திருக்கவில்லை. தானாகவே வெளியே வந்து முன்னால் போனாள். எதிர்ப் பக்கத்துக் கோட்டில் அவள் மட்டும். அவளுக்கு முன்னால் வெறும் செம்மண் தடம், வெயில், அவ்வளவுதான். எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை... திரும்பிப் பார்ப்பாளோ?

பார்க்கவில்லை.

முடிவுக் கோட்டுக்கு நாலடி இருக்கும்போது ஒரு பெண் மட்டும் தாண்டினாள். சுகன்யா ரெண்டாவது. போதும் - டீமில் இடம் இருக்கிறது!

வியர்வை சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். "மிஸ்! மிஸ்! மொத ரவுண்டு எத்தனைங்க? மொத்தம் எத்தனைங்க?"

ஸ்டெல்லா மிஸ் கையை விரித்துப் பார்த்தார். வாட்சில் எல்லாம் பூஜ்யம். அழுத்தவே இல்லை.

"தெரியலியே கண்ணு. நானும் உன் பின்னாலயேதான் வந்துட்டு இருந்தேன்..."

பெஞ்சை விட்டு எழுந்திருக்காத அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது நிஜம். சாட்சி நான்.