கவுண்ட் கம்மி

மகனுக்குத் திருமணமாகி ஆறு ஆண்டுகள் குழந்தை இல்லை. ராஜபாளையத்தில் எங்கள் உறவினர் எல்லோரும் மருமகளைத்தான் சந்தேகப்பட்டார்கள். என் அக்கா அவள் காதில் விழும்படியே, "ஏலே, வேற பொண்ணு பார்த்தா என்ன?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் நூலுக்குக் கவுண்ட் பார்த்தவன். நூல் எவ்வளவு மெல்லிசு என்று சொல்லும் கணக்கு அது. மகனுக்கும் மில்லில்தான் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கவுண்ட் கம்மியா இருக்குப்பா" என்றான்.

"பஞ்சுக் கலவையில தப்பிருக்கும். மாத்தச் சொல்லு."

"மில்லுல இல்லப்பா, எனக்கு. விந்தணு. எண்ணி எடுத்துரலாம், அம்புட்டுதான் இருக்காம்."

மருமகளுக்கு ஒரு குறையும் இல்லை. மதுரை டாக்டர் வழி சொல்லியிருந்தார். ஒரு முட்டைக்கு ஒரே ஒரு விந்தணுவைத் தேர்ந்தெடுத்து, முடியைவிட மெல்லிய ஊசியால் உள்ளே செலுத்திவிடுவார்களாம். கோடிக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று போதும் என்பதை என் மனம் லேசில் ஏற்கவில்லை.

அதற்கு முன் அவள் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மகன் பிடிவாதமாக இருந்தான். நானும் அவனும் மருமகளும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களே என்று பஸ்ஸில் எனக்கு ஒரே பயம்.

சம்பந்தி உரக்கடைக்காரர். மகனே எல்லாவற்றையும் சொன்னான். கேட்டு முடித்தவர் என் மகன் பக்கம் திரும்பவே இல்லை. மகளிடம், "நீ இங்கயே இரு. துணிமணிய பொறவு எடுத்துக்கிடலாம்" என்றார்.

"எதுக்குப்பா?"

"ஆறு வருசமா ஆளாளுக்கு உன்னப் பேசினாகள்ல. கேக்க நாதியில்லன்னு நெனச்சாகளா?"

"பேசினவுக வேற, இவுக வேற. இவுக மறைச்சிருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்? ஊசியெல்லாம் எனக்குத்தானாம். நான் போட்டுக்கிடுதேன். காப்பி ஆறுது, குடிங்க."

அவர் காபியைக் குடித்தார். மகளை எங்களோடே அனுப்பிவைத்தார். ஆனால் என் மகனிடம் பேசவில்லை. அதன் பிறகு பல மாதங்கள் பேசவில்லை.

சிகிச்சைக்கு ஊசி உண்டு என்று சொன்னதும் அது மகனுக்குத்தான் என்று நான் முதலில் நினைத்திருந்தேன். குறை அவனிடம் இருக்க, முட்டைகள் வளர்வதற்காக வயிற்றில் பன்னிரண்டு ஊசி குத்திக்கொண்டவள் மருமகள். மருந்து ஃபிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் இருந்தது. கரண்ட் போனால் கெட்டுவிடுமே என்று அடிக்கடி போய்ப் பார்ப்பேன். "மாமா, நீங்க தொறந்து தொறந்து பார்த்தே அது சூடாயிரும்" என்றாள்.

மதுரையில் பதினொரு முட்டைகள் எடுத்தார்கள். ஏழில் கரு உண்டானது. ஐந்தாம் நாள் மிஞ்சியது இரண்டு. "பதினொன்னுல ரெண்டுதானா?" என்று நான் டாக்டரம்மாவிடம் குறைப்பட்டேன். "ரெண்டு இருக்குன்னு சொல்லுங்க ஐயா" என்றார். மைக்ராஸ்கோப்பில் குனிந்து ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு விந்தணுவைத் தேடிப் பிடித்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆளைப் பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

கருவை மருமகளின் கருப்பையில் வைத்த பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்த அன்று மூவரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். கரு தங்கியிருந்தது. மருமகள் போனை என்னிடம் நீட்டி, "அப்பாட்ட நீங்களே சொல்லுங்க மாமா" என்றாள். சொன்னேன்.

"மாப்பிள்ள பக்கத்துல இருக்காரா? அவர்ட்ட குடுங்க."

மகன் போனை வாங்கிக்கொண்டு வராந்தாவின் கடைசிக்குப் போய்விட்டான். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பேத்திக்கு இப்போது ஏழு மாதம். சம்பந்தி வாரம் தவறாமல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்துவிடுகிறார். வந்ததும், "மாப்பிள்ள எங்க, ஷிப்டா?" என்றுதான் கேட்கிறார். அதற்குப் பிறகுதான் பேத்தியைத் தூக்குகிறார்.