இடப்பக்கம் சாயும் படகு

புஜைராவில் ஓர் அரபியின் படகுப் பட்டறையில் பன்னீர்செல்வம் பழைய ஆள். தொண்டியில் விசைப்படகு எஞ்சின்களோடு மல்லுக்கட்டிப் பழகிய கை. வாய் மட்டும் திறக்காது. திறக்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை, அவனுக்கும் சேர்த்து மீராசா பேசிவிடுவார்.

மீராசாவும் தொண்டிக்காரர்தான், வயதில் மூத்தவர். மாமா, மாப்ள என்று முறை வைத்துத்தான் பேச்சு. ஆள் நல்ல கனம். கேம்ப் ரூமில் அவர் கட்டிலை இரண்டு முறை வெல்டிங் வைத்தாயிற்று. போன மாதம் டூட்டி முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே "நெஞ்சப் பிடிக்குது மாப்ள" என்றவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். புஜைராவிலேயே அடக்கம். மறுநாளே பன்னீர்செல்வம் டூட்டிக்கு வந்துவிட்டான். வராமல் என்ன செய்வது? ரூமில் அந்தக் கட்டில் அல்லவா கிடக்கிறது!

இந்த நேரம் பார்த்து வாடிக்கைக்காரர் அபு சயீதின் படகு பட்டறைக்குத் திரும்பி வந்தது. வயதான ஃபைபர் படகு. ஓட்டினால் இடப்பக்கம் சாய்கிறது, மூக்கைத் தண்ணீரில் குத்துகிறது, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது. கடைசியாக அதில் கை வைத்தவர் மீராசா.

ஃபோர்மேன் சுரேஷ்குமாருக்கு அது போதும். "பாய்க்குக் கடைசில கை தளர்ந்து போச்சுண்ணே. மொதலாளி அரபாப்கிட்ட அப்படியே சொல்லிருவோம்" என்றான். செத்தவர் எழுந்து வந்து கேட்கவா போகிறார்!

பன்னீர்செல்வத்துக்குச் சுருக்கென்றது. "அவரு வேலையக் குத்தம் சொல்லாத சுரேசு. நான் பாக்குறேன்."

படகை மேலே ஏற்றி அடிப்பக்கம் முழுக்கத் தட்டிப் பார்த்தான். உள்ளே நீர் ஊறியிருந்தால் சத்தம் மந்தமாக வரும், வரவில்லை. புரொப்பல்லர் வளையவில்லை. எஞ்சின் நேராகத்தான் நின்றது. கடைசியில் பின்பக்கம் அடியில் இருக்கும் இரண்டு எஃகுத் தகடுகளைப் பார்த்தான். ஓட்டத்தில் படகைச் சமன்செய்பவை அவைதான். அவற்றின் சுவிட்ச் செத்துப் பல காலம் ஆனதால் போல்ட் முடுக்கி நிறுத்தியிருந்தது. வலப்பக்கத் தகடு மட்டும் நன்றாக இறங்கியிருந்தது. வலப்பக்கத்தை அது தூக்கினால் படகு இடப்பக்கம் சாயத்தானே செய்யும்? மீராசாவா இப்படிச் செய்தார்? சுரேஷ்குமார் சொன்னது மெய்யாகிவிடுமோ என்று பயந்தான்.

அடுத்த நாள் காலை இருவரும் கடலில் ஓட்டிப் பார்த்தார்கள். சாய்ந்தது. "எஞ்சின்ல ஏதோ சத்தம் கேக்குண்ணே" என்று சுரேஷ்குமார் எழுந்து போய் வலப்பக்கம் கடைசியில் உட்கார்ந்தான். படகு மெல்ல நிமிர்ந்தது. முழுக்க நிமிரவில்லை, அவன் ஒல்லி.

பன்னீர்செல்வம் எஞ்சினை அணைத்துவிட்டான்.

அது மீராசாவின் இடம். டிரையல் போகும்போதெல்லாம் இவன் ஸ்டியரிங்கில் நிற்பான், அவர் அங்கே உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். "இன்னுங் கொஞ்சம் எறக்கணும் மாப்ள" என்பார். கரைக்கு வந்து அவரே வலப்பக்கத் தகட்டை இறக்குவார். இருவரும் பார்த்துப் பார்த்துச் சமன்செய்தது மீராசாவையும் ஏற்றிக்கொண்ட படகை. அப்படியும் ஒரு புகாரும் வந்ததில்லை. நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிடுமோ என்ற பயத்தில் பழைய படகுக்காரர்கள் மீன்பிடிக்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அங்கேயும் அவருக்கு அதே இடம். அவர் இல்லாமல் இந்தப் படகு இப்போதுதான் முதன்முறையாகக் கடலுக்குப் போயிருக்கிறது.

"என்னாச்சுண்ணே?"

"மாமா தப்புப் பண்ணல சுரேசு. அவரு இல்ல, அதான் சாயுது." அடக்கத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாய்விட்டு அழுதான்.

"தெரியாமச் சொல்லிட்டேண்ணே" என்றான் சுரேஷ்குமார், தலையைக் குனிந்துகொண்டு.

கரைக்கு வந்து பன்னீர்செல்வம் வலப்பக்கத்துப் போல்ட்டைத் தளர்த்தினான். தகட்டை ஏற்ற ஏற்ற, மீராசாவைக் கையைப் பிடித்துப் படகைவிட்டு இறக்குவதுபோல் இருந்தது அவனுக்கு. ஒருவழியாக முடுக்கி, தனியாக ஓட்டிப் பார்த்தான். படகு நூல் பிடித்தாற்போல் போயிற்று. அபு சயீத் "அச்சா, கலாஸ்" என்று வேலை முடிந்த திருப்தியில் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். மீராசாவின் பெயருக்குப் பழுதில்லை.

மதியம் சோற்றில் கை வைத்திருந்தபோது சுரேஷ்குமார் போனைப் பொத்திக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தான்.

"இன்னொரு பழைய போட்டுண்ணே. இடப்பக்கம் சாயுதாம்."

மீராசா உட்கார்ந்துபோன படகுகள் புஜைராவில் இன்னும் எத்தனையோ இருந்தன. எல்லாம் வரும். எல்லாவற்றிலிருந்தும் அவரை இறக்கியாக வேண்டும்.

"வரச் சொல்லு" என்றான் பன்னீர்செல்வம். "வேற யாரும் அந்தப் போல்ட்டத் தொட வேணாம்."