நீலப் பசை

அந்தப் பணிமனையில் அவளை எல்லோரும் ‘டர்போ அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கார் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை இருபத்திரண்டு வருடமாக மாட்டுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சாமான் அது. எண்ணெய் சற்று நேரம் நின்றாலே தண்டு கருகிவிடும். அதனால் மாட்டும் முன்பு சிரிஞ்சால் உள்ளே எண்ணெய் விட்டு, விரலால் சுற்றிப் பார்ப்பாள். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத எண்ணெய்க் குழாயை ஊதிப் பார்த்துவிட்டுத்தான் முடுக்குவாள்.

அப்படிப்பட்டவள் மாட்டிய டர்போ ஒரே காரில் இரண்டு முறை கருகிவிட்டதாம்! அந்தக் காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் பெண் வாசலில் நின்று கத்தினாள். மேனேஜர் தம்பிக்கு அது போதாதா? விசாரணையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ராஜினாமாக் கடிதத்தை அவரே அடித்து மேசையில் வைத்துவிட்டார்.

“கையெழுத்துப் போடுங்கக்கா. போன வருஷம் அந்த அண்ணன் மறுபேச்சு பேசாம போகலையா?”

அவளுக்குப் பக்கத்து மேடையில் வேலை செய்தவர் அந்த அண்ணன். அவர் மாட்டிய டர்போவும் இப்படித்தான் கருகியது. ‘வயசாகுது, கை தடுமாறுது’ என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள்.

“போடறேன். அதுக்கு முன்னாடி எண்ணெய் வருதான்னு பார்த்துட்டுப் போடறேன்” என்று எழுந்தாள்.

அந்தக் காரின் டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பி இறங்கும் குழாயைக் கழற்றி, கீழே ஒரு பாட்டிலை வைத்து, எஞ்சினை முடுக்கச் சொன்னாள். குபுகுபுவென்று கொட்ட வேண்டிய இடத்தில் நாலே சொட்டு. மேலே எண்ணெய் நுழையும் இணைப்பைத் திறந்தாள். துளையை அடைத்துக்கொண்டு பருப்பு அளவுக்கு நீலப் பசை இறுகிக் கிடந்தது.

கசிவை அடைக்கப் பூசும் அந்தப் பசையை அவள் தொடுவதே இல்லை. பசைக் குழலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறவர் ஒரே ஒருவர்தான். வண்டி வெளியே போகும்போது துளிக் கசிவு தெரியக் கூடாதென்று, மற்றவர்கள் முடித்த இணைப்பைத் தளர்த்தி, பசையை ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி இறுக்கிவிடுவது மேனேஜரின் வழக்கம். வெளியே பளபளப்பு. உள்ளே பிதுங்கிய பசை எண்ணெயின் கழுத்தை நெரித்திருக்கிறது!

“சரி விடுங்கக்கா. நடந்தது நடந்துபோச்சு” என்று அவர் கடிதத்தை மெல்ல மடித்தார்.

“எப்படி விடுறது? வாசல்ல நிக்குறவங்ககிட்ட, தப்பு உங்க மேலதான்னு நீங்களே வாயைத் திறந்து சொல்லணும். இல்லாட்டி நான் ஸ்பேனரத் தொட மாட்டேன்.”

அவர் முனகினார். “அவங்களுக்குக் கேக்கல” என்றாள். இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னார். கார்க்காரப் பெண் அவரை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் பார்வை பக்கத்து மேடைக்குப் போனது. அதன் மேல் காலி டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

கை தடுமாறுது என்று அன்றைக்குச் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி.

எண்ணெய்க் கையைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்தாள்.

“அண்ணே, நான்தான். உங்க கையில ஒரு தப்பும் இல்லண்ணே. எனக்குத்தான் புத்தி இல்லாமப் போச்சு.”

பேசிக்கொண்டே பக்கத்து மேடையிலிருந்த காலி டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள்.