மடியில் கொடுத்த பை

காலை ஆறு மணிக்கு மட்டக்களப்புப் பஸ் நிலையத்தில் கனகசூரியம் "மூதூர், கிண்ணியா, திருமலை!" என்று ஒரு குரல் வைப்பார். அந்தக் குரலுக்கு வாவிக் கரைக் கொக்குகள் அத்தனையும் எழும்பி, பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, இருக்க இடமில்லை என்று கண்டு திரும்பிப் போகும். நம்பாதவர்கள் ஒருநாள் விடியப் போய் நின்று பார்க்கலாம்.

ஆரையம்பதியில் பிறந்தவர். தகப்பன் வாவியில் வலை வீசியவர். மகனுக்கோ தோணியில் கால் வைத்தாலே குடல் வாய்க்கு வரும். தண்ணீர் ஒத்துக்கொள்ளாதவருக்குத் தார் ஒத்துக்கொண்டது. கல்முனை பஸ்களில் தொங்கித் தொழில் பழகி, வாகரைப் பக்கம் பாலங்கள் எழும்பித் திருகோணமலை வீதி ஒழுங்காகியபின் இந்த பஸ்ஸுக்கு நடத்துநராக வந்து சேர்ந்தார்.

"இஞ்சால ஒரு ஒல்லாந்தன்ட கோட்டை, அங்கால ஒரு ஒல்லாந்தன்ட கோட்டை. அவன் பீரங்கி வச்சுக் காத்தத நான் ஒரு விசில வச்சுக் காக்கிறன்" என்பார்.

அந்தப் பெருமைக்கு நியாயமும் இருந்தது. நம்முடைய பஸ்களில் நிற்பவரின் பையை இருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது வழக்கம். பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. கை நீளும், பை போகும். அறுபது பேர் நெரியும் பஸ்ஸில் எவருடைய பை எவருடைய மடியில் என்று கனகசூரியத்தின் தலைக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை யாரோ கொடுத்த முட்டைக் கூடை, மடிச் சூட்டில் வெருகலுக்குக் கிட்டப் பொரித்துவிட்டது. அதையும் ஒரு குஞ்சு குறையாமல் உரியவளிடம் ஒப்படைத்தவர் அவர். பதின்மூன்று வருடத்தில் ஒரு பைகூட ஆள் மாறியதில்லை, போன ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்று சித்தாண்டியில் யசோதினி என்ற பெண் ஏறினாள். திருமலையில் பத்து மணிக்கு எழுதுவினைஞர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. நாலு வருடமாக அவள் போட்ட விண்ணப்பங்களுக்கு வந்த முதல் அழைப்பு. மூலச் சான்றிதழ் இல்லாதவர்கள் திருப்பி அனுப்பப்படுவர் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. சான்றிதழ் முழுவதும் ஒரு நீலப் பைக்குள். அந்தப் பையை, முன் இருக்கையில் இருந்த கதிரவெளிக்காரி சீதேவிப்பிள்ளையின் மடியில் கொடுத்தாள். வாழைச்சேனையில் ஏறிய கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் விட்டது.

கதிரவெளி வந்தபோது சீதேவிப்பிள்ளை நல்ல நித்திரை.

"அக்கா, உங்கட ஊர் உங்களப் பாத்துக்கொண்டு நிக்குது! இறங்குங்க, இறங்குங்க!"

அரைத் தூக்கத்தில் இறங்கியவருக்குப் பைகளையும் கனகசூரியமே எடுத்துக் கொடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. விசில் ஊதினார்.

வெருகல் பாலம் தாண்டும்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, முன்னால இருந்த மாமி எங்க? என்ட நீலப் பை எங்க?"

கனகசூரியத்துக்குத் தலைக்குள் ஓடிய படம் நின்றுபோனது. மூன்றாவதாக அவர் கையால் போனது நீலம். பஸ்ஸுக்குள் நியாயம் பேசத் தொடங்கிவிட்டார்கள். "ஆள் பாத்துக் குடுக்கணும் புள்ள" என்றார் ஒருவர்.

"அவள்ட பிழையும் இல்ல, மாமிட பிழையும் இல்ல. நான்தான் தூக்கிக் குடுத்தன்!" கொக்குகளை எழுப்பும் அதே குரலில் சொன்னார், பஸ் முழுக்கக் கேட்க.

சாரதி மஜீட் ஓரங்கட்டினார். "போன் எடுங்க அண்ணே."

"அக்காட்ட போன் இல்ல."

"அப்ப பஸ்ஸக் கிறுக்கித் திரும்பிப் போவமா?"

"மத்தவங்களுக்கும் சோலி இருக்கு தம்பி. வேணாம்."

எதிரே திருமலையிலிருந்து வரும் பஸ் தெரிந்தது. கனகசூரியம் கழுத்திலிருந்த டிக்கெட் மெஷினையும் விசிலையும் கழற்றி யசோதினியின் கழுத்தில் மாட்டினார்.

"புள்ள, கணக்குப் பாடத்தில என்ன எடுத்த?"

"ஏ எடுத்தன்..."

"அது காணும். கதவப் பாத்து விசில் ஊது. பத்து மணிக்கு நீயும் அங்க நிக்கணும், பையும் அங்க நிக்கணும். நீ பஸ்ஸக் கொண்டு போ. நான் பையக் கொண்டு வாறன்."

"யா அல்லாஹ்! செக்கர் ஏறினா என்ன அண்ணே சொல்ற?" மஜீட் தலையில் கை வைத்தார்.

"கனகசூரியத்துக்கு வயசு குறைஞ்சு போச்சு எண்டு சொல்லு!"

நடுவீதியில் கையை விரித்து நின்று எதிர் பஸ்ஸை மறித்து ஏறிவிட்டார்.

கதிரவெளித் தரிப்பிடத்தில், நீலப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சீதேவிப்பிள்ளை குந்தியிருந்தார்.

"வாறியா தம்பி? நித்திரை தெளிஞ்சு பாத்தா இது என்ட இல்ல. இறக்கித் தந்தவன் தேடி வருவான்தானே, அசையக் கூடாது எண்டு இருக்கன்."

"மறுகா ஏன் அக்கா இறங்கக்குள்ள சொல்லல்ல?"

"நீ எங்க சொல்ல விட்ட? ஆட்டுக்குட்டிய இறக்கிறமாதிரி இறக்கின!"

அவருடைய மகன் ரதீஸ், மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளோடு தாயைத் தேடி வந்தான். கனகசூரியம் பையைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தான் போட்டுப் பின்னால் ஏறினார். ரதீஸ் ஓடிய ஓட்டத்தில், பிறந்ததிலிருந்து கண் மூடாத மீன்களெல்லாம் பெட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டன. கிண்ணியாப் பாலத்தில் காற்று ஒதுங்கி நின்று வழிவிட்டது.

பத்துக்கு எட்டு நிமிடம் இருக்க அலுவலக வாசலில் போய் இறங்கினார். யசோதினி மெஷினோடு படியில் நின்றாள். ஊர் ஊராகக் கூவிக் குரல் கட்டிப்போயிருந்தது. மெஷின் இவர் கைக்கு, பை அவள் கைக்கு. அவள் உள்ளே ஓடினாள்.

திரும்பி வந்தபோது கனகசூரியம் மதில் ஓரம் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன கேட்டாங்க புள்ள?"

"முன் அனுபவம் இருக்கா எண்டு கேட்டாங்க. ஓம், காலையில வெருகலில இருந்து ஒரு பஸ் நிறைய ஆக்களத் திருமலைக்குக் கொண்டு வந்தன் எண்டன்."

"மறுகா?"

"சிரிச்சாங்க. சான்றிதழ் கேட்டாங்க. ஒவ்வொண்டா மூக்குக்கிட்டப் பிடிச்சிப் பாத்தாங்க. மீன் மணக்குதாம்."

"அது பாரை. நல்ல மீன்தான்" என்றார் கனகசூரியம்.

பின்னேர பஸ்ஸிலும் அவளுக்கு இருக்க இடம் கிடைக்கவில்லை. பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெண்ணின் கை நீண்டது. யசோதினி கனகசூரியத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பையைக் கொடுத்தாள்.

விசிலை வாய்க்குக் கொண்டுபோன கனகசூரியம் அதை இறக்கிவிட்டு, பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக, டிக்கெட்டுக்கு அல்லாமல் பைக்காக, அந்த இருக்கைக்குக் குனிந்து கேட்டார்:

"தங்கச்சி, நீங்க எங்க இறங்குவீங்க?"