இரண்டு வீட்டுப் படம்

புதுக்கோட்டை ரயில் நிலையத்தில் வண்டி தாமதமான ஒரு மாலையில் ஒருவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் லேப்டாப். குடும்பப் படங்களை வீட்டுக்கொரு ஃபோல்டராகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு படத்தை இடம் மாற்றியதும், பழைய ஃபோல்டரைத் திறந்து அது அங்கே இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார்.

பக்கத்தில் இருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "எதுக்குங்க மாத்திக்கிட்டு? டேக் போடுங்களேன். ஒரே படத்துக்கு ரெண்டு வீட்டுப் பேரும் கொடுக்கலாம். எந்தப் பேரைத் தேடினாலும் வரும்."

அவர் கை நின்றது. திரையில் அரைக்கால் சட்டை போட்ட சிறுவன்.

"இது நான்தாங்க. சின்ன வயசுலயே சித்தப்பா வீட்டுக்குச் சுவீகாரம் போயிட்டேன். இதை எந்த வீட்டுல போடுறதுன்னுதான் முழிக்கிறேன்."

எப்படி என்று காட்டினேன். இரண்டு பெயரையும் கொடுத்தார். ஒரு பெயரைத் தேடினார், சிறுவன் வந்தான். மற்றதைத் தேடினார், வந்தான். மறுபடி முதல் பெயர்.

"அங்கிட்டும் இருக்கேன்!" என்று சிரித்தார்.

வண்டி வரும் அறிவிப்பு கேட்டது. மூடப்போன லேப்டாப்பை அவர் மறுபடி திறந்தார்.

"இதைச் சொந்தக்காரங்க எல்லாருக்கும் காப்பி கொடுக்கணும்ங்க. ரெண்டு வீட்டுப் பேரும் இருந்தா, ரெண்டு வீட்டுலயும் சங்கடப்படுவாங்க."

ஒரு பெயரை அழித்தார். பையைத் தூக்கிக்கொண்டிருந்த நான் எந்தப் பெயர் என்று பார்க்கவில்லை. ஆனால் அழித்த பெயரைத் தேடி, தான் அங்கே இல்லை என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அவர் வண்டி ஏறினார்.